வாக்களித்த மறுநாள்

2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று நாம் வழங்கிவந்த ஸ்ரீ விஜயபுரத்தில், கடற்கரையை ஒட்டி நடப்போர் நேதாஜி விளையாட்டரங்கைக் காணாமற் செல்ல இயலாது. முன்னாளில் ஜிம்கானா மைதானம் என்று பெயர் பெற்றிருந்த அந்தத் திடலில், 1943 டிசம்பர் 30-ம் நாள் சுபாஷ் சந்திர போஸ் மூவர்ணக் கொடியை ஏற்றினார். இச்செய்தியை நம் தீவில் பிறந்த சிறுவர் சிறுமியரும் மனப்பாடமாகச் சொல்வர். ஆனால் அக்கொடியேற்றத்துக்கு ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்னர் அவர் ஒரு தேர்தலில் வெற்றி பெற்றார் என்பதையும், அந்த வெற்றியே அவரைத் தம் கட்சியின் தலைமையினின்று அகற்றும் காரணமாயிற்று என்பதையும் அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெரியவர்களாகிய நமக்கும் அது அரைகுறையாகவே தெரியும்.

அமெரிக்க நாட்டில் ஜனாதிபதி தேர்தல் வரும்போதெல்லாம், கட்சிக்குள்ளேயே மாநிலந்தோறும் நடைபெறும் முதற்கட்டத் தேர்தலைப் பற்றிய செய்திகளை நம் வாலிபர்கள் ஆவலோடு படிக்கின்றனர். ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் எதிரெதிரே நின்று பேசுவதும், அவர்களுள் ஒருவரைத் தொண்டர்கள் தெரிந்தெடுப்பதும் அவர்களுக்கு வியப்பாக இருக்கிறது. நம் நாட்டில் இது ஏன் இல்லை என்று கேட்கின்றனர். இருந்தது, இப்போதும் சில வேளைகளில் நடக்கிறது. அமெரிக்கரிடமும் அது ஒரே நாளில் முளைத்துவிடவில்லை. 1968-ல் ஹியூபர்ட் ஹம்ப்ரி என்பவர் முதற்கட்டத் தேர்தல் ஒன்றிலேனும் போட்டியிடாமலே, கட்சிப் பெரியோரின் ஆதரவைக் கொண்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகிவிட்டார். அதனால் எழுந்த மனக்கசப்புக்குப் பிறகே விதிகள் திருத்தப்பட்டு, சாதாரணத் தொண்டனின் வாக்குக்கு இன்றுள்ள மதிப்பு வந்தது. நாமோ 1939-லேயே அந்தப் பரீட்சையை எழுதினோம். தேறினோமா என்பதுதான் கேள்வி.

காங்கிரஸ் மகாசபை 1920-ல் நாகபுரியில் கூடிய பிறகு, மொழியை அடிப்படையாகக் கொண்டு தன் மாகாணங்களை வகுத்துக்கொண்டது. ஆங்கில அரசாங்கத்துக்குச் சென்னை மாகாணம் ஒன்றே. காங்கிரசுக்கோ தமிழ்நாடு வேறு, ஆந்திரம் வேறு, கேரளம் வேறு. தலைவர் தேர்தலில் ஒவ்வொரு மாகாணப் பிரதிநிதிகளும் தத்தம் மாகாணத்திலேயே வாக்களிப்பர். எண்ணிக்கையும் மாகாணவாரியாக வெளியாகும். அக்காலத்துப் பத்திரிகைகள் வேட்பாளரை அபேட்சகர் என்றும், தலைவரை அக்கிராசனர் என்றும், சில வேளைகளில் ராஷ்டிரபதி என்றும் எழுதின. அச்சொற்கள் வழக்கொழிந்தமைக்காக வருந்துவோரில் நான் ஒருவனல்லன்.

முறை இப்படி இருந்தபோதிலும் உண்மையான போட்டி நிகழ்வது அரிது. காந்தியடிகளின் உள்ளக்கருத்து இன்னதென்று அறிந்து, பெரியோர் ஒருவர் பெயரைச் சொல்ல, ஏனையோர் விலகிக்கொள்வர். 1938-ல் ஹரிபுரா மகாநாட்டுக்குப் போஸ் தலைவரானதும் அவ்வாறுதான். ஓராண்டு முடிந்ததும் வழக்கப்படி அவர் ஒதுங்கியிருக்க வேண்டும். அவர் ஒதுங்கவில்லை. 1935-ம் ஆண்டுச் சட்டத்தில் கூறப்பட்ட சமஷ்டி ஆட்சித் திட்டத்தை ஏற்றுக்கொண்டு மூத்த தலைவர்கள் ஆங்கிலேயருடன் சமரசம் செய்துகொள்வரோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. ஆகவே கொள்கையை முன்வைத்தே போட்டியிடுவதாக அறிவித்தார். மறுபுறம் மௌலானா ஆஸாத் விலகிக்கொள்ள, மசூலிப்பட்டணத்து டாக்டர் பட்டாபி சீதாராமய்யா நிறுத்தப்பட்டார். பட்டாபியும் இலேசான மனிதரல்லர். 1923-ல் ஆந்திரா வங்கியை நிறுவியவர். காங்கிரசின் வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர்.

வல்லபாய் படேல், ராஜேந்திர பிரசாத் முதலியோர் ஒன்றுகூடி, போஸ் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று அறிக்கை விட்டனர். தலைவர் என்பவர் சபையை நடத்துபவரே. கொள்கையை வகுப்பது காரியக் கமிட்டியின் வேலை என்பது அவர்கள் வாதம். போஸ் இதை மறுத்தார். காங்கிரஸ் தலைவர் பதவி பெயரளவான பதவியன்று; அமெரிக்க ஜனாதிபதியைப்போலத் தம் சகாக்களைத் தாமே நியமிக்கும் பதவி அது என்றார். இவ்விரு கருத்துகளில் எது சரி என்பதே அத்தேர்தலின் உட்பொருள். ஆட்களைப் பற்றிய பேச்சு மேலோட்டமானதே.

1939 ஜனவரி 29-ல் வாக்கெடுப்பு நடந்தது. போசுக்கு 1,580 வாக்குகள், பட்டாபிக்கு 1,377. வித்தியாசம் 203. மாகாணக் கணக்கைப் பார்த்தால் சுவையாக இருக்கும். வங்காளத்தில் போசுக்கு 404, பட்டாபிக்கு 79. ஆந்திரத்தில் போசுக்கு 28, பட்டாபிக்கு 181. குஜராத்தில் போசுக்கு ஐந்தே ஐந்து; பட்டாபிக்கு 100. தத்தம் ஊர்ப் பிள்ளைக்கும் தத்தம் ஊர்ப் பெரியவரின் சொல்லுக்கும் கட்டுப்பட்ட வாக்குகள் இவை. இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இவற்றிலிருந்து கற்பதற்கும் அதிகமில்லை.

தமிழ்நாட்டின் கணக்கு வேறு. போசுக்கு 110, பட்டாபிக்கு 102.

இந்த எண்களை முதன்முதலில் பார்த்தபோது நான் நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை. இருவரும் தமிழரல்லர். ஆட்சியிலிருந்த ராஜாஜி பட்டாபியின் பக்கம். முத்துராமலிங்கத் தேவர் போசின் பக்கம் நின்று ஆதரவு திரட்டினார். மந்திரிசபை ஒருபுறம் இழுக்க, இளைஞர் உள்ளம் மறுபுறம் இழுக்க, 212 தமிழர்கள் தாமாகவே சிந்தித்து இரண்டாகப் பிரிந்தனர். எட்டே வாக்குகள் வித்தியாசம். கடைசி நேரம் வரை கையில் சீட்டை வைத்துக்கொண்டு தயங்கியவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ! முன்னாள் இரவு உறங்காதவர்கள் எத்தனை பேரோ! ஒரே கட்சியில், இருவருமே தியாகிகள், இருவருமே கற்றவர்கள் என்றிருக்கும்போது ஒருவரைத் தேர்வது, பகைக் கட்சிக்காரனை எதிர்த்து வாக்களிப்பதைவிடக் கடினமான செயல். பகைவனுக்கு எதிராக வாக்களிக்க ஆத்திரம் போதும். இதற்கு யோசனை வேண்டும்.

ஆனால் நான் எழுத முனைந்தது வாக்களித்த நாளைப் பற்றியன்று, மறுநாளைப் பற்றி.

தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், பட்டாபியின் தோல்வி அவருடைய தோல்வி என்பதைக் காட்டிலும் தம் தோல்வியே என்ற கருத்தில் காந்தியடிகள் அறிக்கை விடுத்தார். அத்துடன் தேர்தலின் பொருளே மாறிப்போயிற்று. போசுக்கு வாக்களித்தவர்களில் பலர், காந்திஜிக்கு எதிராகவா வாக்களித்துவிட்டோம் என்று திகைத்தனர். பிப்ரவரியில் காரியக் கமிட்டி உறுப்பினர் 12 பேர் ராஜினாமாச் செய்தனர். மார்ச்சில் ஜபல்பூரை அடுத்த திரிபுரியில் மகாநாடு கூடியபோது போசுக்குக் கடுங்காய்ச்சல். படுக்கையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தனர். அவர் உரையைத் தமையனார் சரத் சந்திர போஸ் படித்தார். காந்தியடிகளோ ராஜ்கோட்டில் இருந்தார், திரிபுரிக்கு வரவேயில்லை.

அங்கே ராஜாஜி பேசிய பேச்சு தீவுவாசிகளாகிய நமக்கு நன்கு விளங்கும். நர்மதை நதியில் இரண்டு ஓடங்கள் நிற்பதாகச் சொன்னார். ஒன்று பழைய, பெரிய ஓடம். அதைச் செலுத்துபவர் காந்தியடிகள். மற்றொன்று புதியது, வர்ணம் பூசிக் கொடி கட்டியது, ஆனால் ஓட்டை ஓடம். அதில் ஏறினால் எல்லோரும் மூழ்க வேண்டியதுதான், நதியோ ஆழமானது என்று எச்சரித்தார். உவமை அழகானது. படகில் ஏறிப் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் நம்மவர்க்கு அது நெஞ்சில் தைக்கும். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. ஓட்டை என்று தெரிந்திருந்தால் ஏறுவதற்கு முன்பல்லவா அடைக்க வேண்டும்? ஐந்து வாரங்களுக்கு முன்னரே பிரதிநிதிகள் அந்த ஓடத்தைத் தேர்ந்து ஏறிவிட்டனர். நடு ஆற்றில் வந்து துடுப்பைப் பிடுங்கினால் எந்த ஓடந்தான் கரை சேரும்?

துடுப்பைப் பிடுங்கும் வேலையைக் கோவிந்த வல்லப பந்த் கொணர்ந்த தீர்மானம் செய்தது. காந்தியடிகளின் விருப்பப்படியே தலைவர் தம் காரியக் கமிட்டியை நியமிக்க வேண்டும் என்றது அது. காங்கிரஸ் சோஷலிஸ்டுகள் நடுநிலை வகித்தனர். தீர்மானம் நிறைவேறியது. ஜனவரியில் தலைவரைத் தேர்ந்த அதே மகாசபை, மார்ச்சில் அவர் கையைக் கட்டிவிட்டது. போஸ் காந்தியடிகளுக்குக் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதிப் பார்த்தார். பெயர்களைத் தாம் திணிக்க முடியாது என்று அடிகள் மறுத்துவிட்டார். ஏப்ரல் 29-ல் கல்கத்தாவில் போஸ் ராஜினாமாச் செய்தார். ராஜேந்திர பிரசாத் அவ்விடத்தில் அமர்ந்தார். மே மாதத்தில் பார்வர்டு பிளாக் பிறந்தது. ஆகஸ்டில், மூன்றாண்டுகளுக்குக் காங்கிரசில் தேர்தல் மூலம் பெறும் பதவி எதையும் வகிக்கக் கூடாதென்று போஸ் விலக்கி வைக்கப்பட்டார்.

அன்று நான் பிரதிநிதியாக இருந்திருந்தால் யாருக்கு வாக்களித்திருப்பேன் என்று வாசகர் கேட்கலாம். மழுப்பாமல் சொல்கிறேன்: போசுக்கு. ஆயினும் பட்டாபிக்கு வாக்களித்த அந்த 102 தமிழர்களிடம் எனக்கு யாதொரு குறையும் இல்லை. அவர்கள் தம் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்தனர். மார்ச்சிலும் அதையே செய்திருப்பர். என் மனத்தாங்கல், ஜனவரியில் போசுக்கு வாக்களித்து, மார்ச்சில் பந்த் தீர்மானத்துக்குக் கை தூக்கியோரிடமும், வாளாவிருந்தோரிடமுமே. அவர்கள் ஒருவரைத் தேர்ந்தார்களே ஒழிய, அவரோடு நடக்கத் தயாராக இல்லை.

இது 1939-க்கு மட்டும் உரிய நோயன்று. 1950-ல் மூவர் போட்டியிட்டனர். புருஷோத்தம தாஸ் டாண்டன் 1,306 வாக்குகளும், ஆச்சாரிய கிருபளானி 1,092 வாக்குகளும், சங்கரராவ் தேவ் 202 வாக்குகளும் பெற்றனர். வென்ற டாண்டன் பிரதமர் நேருவுடன் ஒத்துப்போக முடியாமல் 1951 செப்டம்பரில் விலகினார். நேருவே தலைவரானார். கடல் கடந்தும் பாருங்கள். 2022-ல் பிரிட்டனில் ரிஷி சுனக்கைப் பாராளுமன்ற உறுப்பினர் 137 பேர் ஆதரித்தனர். லிஸ் டிரஸ்ஸை 113 பேர். கட்சித் தொண்டர்களோ 81,326 வாக்குகளால் டிரஸ்ஸைத் தேர்ந்தனர். சுனக்குக்குக் கிடைத்தவை 60,399. அவ்வம்மையார் செப்டம்பரில் பிரதமரானார். அக்டோபர் 20-ல் ராஜினாமாவை அறிவித்தார். அவர் வீழ்ந்ததற்கு அவருடைய வரவு செலவுத் திட்டமே முதற் காரணம் என்பது மெய். எனினும் உடன் நின்று தாங்குவதற்கு ஆளில்லாத தலைவர் முதல் அலையிலேயே கவிழ்வார் என்பதும் மெய்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் நம்மவர் ஒருவரே காட்டியிருக்கிறார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தலில் காமராசர், ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. பி. சுப்பையாவை 103-க்கு 100 என்ற கணக்கில், மூன்றே வாக்குகளில் வென்றார். அவருக்கு அரசியலில் ஆசானாக விளங்கிய சத்தியமூர்த்தி, சீடரின் கீழ்க் காரியதரிசியாகப் பணியாற்ற முன்வந்தார். ஆசான் மாணவனின் கீழ் அமர்வது என்பது நம்மில் எத்தனை பேரால் ஆகும்? பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1954-ல், சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசருக்கு 93 வாக்குகளும், எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. முதன்மந்திரியான காமராசர், தம்மை எதிர்த்த சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். பகைமை பாராட்டாமை என்று இதைப் புகழ்வர். எனக்கு அதைவிடச் சாமர்த்தியமாகவே தோன்றுகிறது. தமக்கு விழாத 41 வாக்குகளும் தம் கட்சியினுடையவையே என்பதை அவர் மறக்கவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 அக்டோபர் 17-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்தது. மல்லிகார்ஜுன கார்கேயும் சசி தரூரும் போட்டியிட்டனர். 19-ம் தேதி டில்லியில் எண்ணியபோது கார்கேக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416. செல்லாத சீட்டுகள் இத்தனையா என்று வியந்தேன். வாக்குச்சீட்டில் முதலில் 1 என்று எழுத வேண்டும் எனச் சொல்லப்பட்டு, தரூர் தரப்பின் ஆட்சேபத்தினால் சரிக்குறி இடலாம் என்று கடைசியில் மாற்றப்பட்டது. குழப்பம் எங்கே நேர்ந்ததோ! இத்தேர்தலில் எல்லா மாநிலங்களின் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்த பிறகே எண்ணினார்கள். இன்னார் மாநிலம் இன்னாருக்கு வாக்களித்தது என்று பின்னர் பழிவாங்காதிருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் 1939-ன் 110-ம் 102-ம் போன்ற கணக்கு எதுவும் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்காது. 2023 ஆகஸ்டில் தரூர் காரியக் கமிட்டியில் சேர்க்கப்பட்டார் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

நான் அரசியல்வாதியல்லன், இரயில்வே குமாஸ்தா. 2024 டிசம்பரில் எங்கள் இலாகாவில் தொழிற்சங்க அங்கீகாரத்துக்காக இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. வரிசையில் எனக்கு முன் நின்ற மூத்த ஊழியர் ஒருவர் திரும்பி, “தம்பி, யாருக்குப் போடப் போகிறீர் என்று நான் கேட்கமாட்டேன். அவர்கள் நாளைக்கு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவீரா, அதைச் சொல்லும்” என்றார். நான் பதில் சொல்லுமுன் வரிசை நகர்ந்துவிட்டது. பதில் சொல்லாமல் தப்பியதே நல்லதாயிற்று என்று அப்போது நினைத்தேன்.

தாய்மண்ணை விட்டு இத்தீவுகளில் வந்து குடியேறிய குடும்பங்களின் சங்கங்களில் தலைவர் தேர்வு எப்படி நடக்கிறது? பெரும்பாலும் ‘ஏகமனதாக’. ஒருவர் பெயரைச் சொல்வார், மற்றொருவர் வழிமொழிவார், எல்லோரும் கை தட்டுவோம், தேநீர் வரும். இது ஒற்றுமை என்று நாம் பெருமைப்படுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவரையும் கேளாமல் தேர்ந்த தலைவருக்கு உதவ எவருக்கும் கடமையில்லை என்றாகிவிடுகிறது. நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தாலும், ஊரில் தாய் இறந்தவனுக்குக் கப்பலிலோ விமானத்திலோ இடம் தேட வேண்டியிருந்தாலும், தமிழ் வழிப் பள்ளிக்காக அதிகாரிகளிடம் மனுக் கொடுக்க வேண்டியிருந்தாலும், அத்தலைவர் தனியாகவே ஓடுகிறார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், அவர் என்ன செய்து கிழித்தார் என்று நாம் கேட்கிறோம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையைச் சொல்லி மேடையில் முழங்குவோருண்டு. முதற் பராந்தக சோழன் காலத்து அம்முறை உண்மையில் ஒரு குலுக்கல். இருவருள் ஒருவரை ஆராய்ந்து தேர்வதன்று. ஆயினும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடத்துள் பெயர் இடப்பெறலாகாது என்று அதில் ஒரு விதி உண்டு. முழங்குவோர் அவ்வரியையும் சேர்த்துப் படிப்பார்களாக.

இருவர் நிற்கட்டும். இருவரையும் நேரில் கேட்போம். கடந்த ஆண்டின் கணக்கைப் பற்றி என்ன சொல்கிறீர், உம்முடன் உழைக்க இசைந்தவர் யார் யார், தோற்றால் சங்கத்தில் இருப்பீரா, வீட்டில் இருப்பீரா என்று கேட்போம். இரகசியமாகச் சீட்டுப் போடுவோம். எட்டு வாக்குகளில் ஒருவர் வெல்லட்டும். மூன்று வாக்குகளில் வெல்லட்டும். அதன் பிறகு கூப்பிட்ட கூட்டத்துக்குப் போவோம். இப்படிச் சொன்னால், சின்னச் சங்கத்தில் பிளவு வரும் என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. 1939-ல் பிளவு வந்தது மெய்தான். ஆனால் அது வாக்கெடுத்ததால் வந்ததா, எடுத்த வாக்கை மதியாததால் வந்ததா?

தொடங்கிய திடலுக்கே திரும்புகிறேன். 1943 டிசம்பர் இறுதியில் மூன்று நாள் தங்கியிருந்த போஸ், இத்தீவுகளுக்கு ஷாஹீத் என்றும் ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். 2018-ல் நீல் தீவும் ஹாவ்லக் தீவும் அப்பெயர்களைப் பெற்றன. அவர் சென்ற ஒரு மாதத்துக்குள், 1944 ஜனவரி 30-ல், ஹம்ப்ரிகஞ்சில் நம் தீவு மக்கள் 44 பேரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். அந்தத் துயரத்துக்குப் பின்னர், பிப்ரவரியில், ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தின் சார்பில் இத்தீவுகளின் நிர்வாகத்தை ஏற்க வந்தவர் ஒரு தமிழர்: இராணுவ வைத்தியரான ஆற்காடு துரைசாமி லோகநாதன். கொடி இருந்தது, பதவிப் பெயர் இருந்தது, வரவேற்பும் இருந்திருக்கும். போலீஸ் இலாகாவை மட்டும் ஜப்பானியர் விடவில்லை. திரிபுரியில் போசுக்கு நேர்ந்ததே இங்கே அவர் அனுப்பிய மனிதருக்கும் நேர்ந்தது. சில மாதங்கள் பொறுத்திருந்து அவர் திரும்பிச் சென்றார். அதுவரை அவர் கையில் இருந்தது கல்வி இலாகா மட்டுமே.